மட்டையில் பட்டுப் பறக்கும் பந்து: எறிபொருள் இயக்கக் கணக்குகளை அச்சமில்லாமல் போட ஒரு முழு வழிகாட்டி

எறிபொருள் இயக்கம் என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது மூன்று சூத்திரங்கள்: பறக்கும் நேரம், பெரும உயரம், கிடைத்தள நெடுக்கம் (பந்து விழும் இடம்வரை உள்ள தொலைவு). மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டு தேர்வுக்குப் போவார்கள். கேள்வியில் பந்து தரையிலிருந்து கிளம்பாமல் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கிளம்பினால் போதும், மூன்றில் இரண்டு அப்படியே உதவாது. அந்த மூன்று சூத்திரங்களையும் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். மட்டையில் அடிபட்டுப் பறக்கும் ஒரே ஒரு கிரிக்கெட் பந்தை எடுத்துக்கொண்டு, எந்தக் கேள்வி வந்தாலும் செல்லுபடியாகும் ஒரு வழியைப் பார்ப்போம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும்

பறக்கும் பந்தின் மேல் செயல்படும் விசைகளை வரையச் சொன்னால், நன்றாகப் படிக்கும் மாணவர்கள்கூடப் பந்து போகும் திசையில் ஓர் அம்புக்குறி போடுவார்கள். கேட்டால், ‘மட்டை கொடுத்த விசை’ என்பார்கள். அப்படி ஒரு விசை அங்கே இல்லை. மட்டைக்கும் பந்துக்கும் தொடர்பு இருந்தது மிகச் சிறிய நேரம். பந்து மட்டையை விட்டு விலகிய கணமே அந்த விசையும் முடிந்தது. பந்திடம் மிச்சம் இருப்பது வேகமும் திசையும்தான். அதற்கு மேல் காற்றைக் கணக்கில் எடுக்காவிட்டால், பந்தின் மேல் இருப்பது ஒரே விசை. புவியீர்ப்பு, நேராகக் கீழ்நோக்கி.

இது மனதில் பதிந்துவிட்டால் அடுத்தது தானாக வரும். கீழ்நோக்கி இழுக்கும் விசை, பக்கவாட்டில் போகும் வேகத்தைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஆகவே பந்தின் கிடைத்தள வேகம் கடைசிவரை மாறாது. செங்குத்து வேகம் மட்டும் ஒவ்வொரு நொடியும் 9.8 மீ/வி அளவு குறைந்துகொண்டே போய், சுழியாகி, பிறகு கீழ்நோக்கி வளரும்.

உச்சி வெயிலில் பந்தின் நிழல் தரையில் ஓடுவதைக் கற்பனை செய்துபாருங்கள். சூரியன் நேர் மேலே இருந்தால் நிழல் சீரான வேகத்தில் ஓடும். பந்து ஏறுகிறதா இறங்குகிறதா என்பது நிழலுக்குத் தெரியாது. இப்போது பேட்ஸ்மேனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து அதே பந்தைப் பாருங்கள். பந்து மேலே போய்க் கீழே வருவதுதான் தெரியும், தொலைவு தெரியாது. நிழல் ஒரு கணக்கு, பின்னாலிருந்து தெரியும் ஏற்ற இறக்கம் இன்னொரு கணக்கு. இரண்டையும் இணைப்பது கடிகாரம் மட்டுமே. பாதி வழியில் எங்கே சிக்கிக்கொண்டாலும், ‘நேரம் தெரியுமா? தெரியாவிட்டால் எந்தப் பக்கத்திலிருந்து எடுக்கலாம்?’ என்று கேட்டால் வழி திறந்துவிடும். சீரான கிடை ஓட்டத்தையும் முடுக்கமுள்ள வீழ்ச்சியையும் இப்படிச் சேர்த்துத்தான் கலிலியோ 1638-இல் வெளியான தன் நூலில், எறிபொருளின் பாதை பரவளையம் என்று காட்டினார்.

நாம் போடப்போகும் கணக்கு

தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் மட்டையில் பட்ட பந்து, மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில், கிடைத்தளத்தோடு 37 டிகிரி கோணத்தில் கிளம்புகிறது. அந்தத் திசையில் பவுண்டரி 75 மீட்டர் தொலைவில் உள்ளது. பந்து பவுண்டரியைத் தரையில் படாமல் தாண்டுமா? எவ்வளவு உயரம் எழும்பும்? யாரும் தொடாவிட்டால் எங்கே, என்ன வேகத்தில் விழும்? காற்றுத்தடை இல்லை என்று கொள்க.

படி 1: படம், அச்சு, அலகு

சின்னதாக ஒரு படம் போடுங்கள். அழகு தேவையில்லை. பந்து கிளம்பும் இடத்துக்கு நேர் கீழே தரையில் ஒரு புள்ளி வைத்து அதைத் தொடக்கம் என்று எழுதுங்கள். பவுண்டரி இருக்கும் பக்கம் நேர்குறி, மேல்நோக்கி நேர்குறி. அப்படியென்றால் புவியீர்ப்பு முடுக்கம் −9.8. இதை இப்போதே எழுதிவிட்டால் கடைசிவரை குறி பற்றிய கவலை இருக்காது. நடுவில் மனம் மாறி, இறங்கும்போது மட்டும் கீழ்நோக்கி நேர்குறி என்று மாற்றுபவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்து அலகு. மணிக்கு 108 கிலோமீட்டரை 3.6-ஆல் வகுத்தால் 30 மீ/வி. இந்த மாற்றத்தைச் செய்யாமல் 108-ஐ அப்படியே சமன்பாட்டில் போட்டால் பந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும்.

படி 2: வேகத்தை இரண்டாகப் பிரிப்பது

புத்தகங்களில் ‘திசைவேகத்தின் கிடைத்தளக் கூறு, செங்குத்துக் கூறு’ என்று இருக்கும். இங்கே சுருக்கமாகக் கிடைவேகம், செங்குத்து வேகம் என்றே சொல்கிறேன்.

கிடைவேகம் = 30 × கொசைன் 37° = 30 × 0.8 = 24 மீ/வி
செங்குத்து வேகம் = 30 × சைன் 37° = 30 × 0.6 = 18 மீ/வி

37 டிகிரி கேள்விகளில் அடிக்கடி வருவதற்குக் காரணம் 3, 4, 5 முக்கோணம்தான். அதன் சிறிய கோணம் 36.87 டிகிரி. அதனால் 0.6, 0.8 என்று சுத்தமான எண்கள் கிடைக்கின்றன.

எது சைன், எது கொசைன் என்று குழம்பினால் கோணத்தைச் சுழியாக்கிப் பாருங்கள். தரைக்கு இணையாக அடித்தால் முழு வேகமும் கிடைவேகம், செங்குத்து வேகம் சுழி. சுழி கோணத்தில் 1 ஆவது கொசைன். ஆகவே கிடைவேகத்துக்குக் கொசைன். கோணம் செங்குத்திலிருந்து கொடுக்கப்பட்டிருந்தால் இது தலைகீழாகும் என்பதால், மனப்பாடத்தைவிட இந்தச் சோதனையை நம்பலாம்.

படி 3: இரண்டு பத்திகள்

தாளின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் கிடை, வலப்பக்கம் செங்குத்து. இந்த இடத்திலிருந்து 30 என்ற எண்ணுக்கு வேலை இல்லை. அதை அடித்துவிடச் சொல்லுவேன், உண்மையாகவே பேனாவால். நான் திருத்திப் பார்த்த ஒரு நோட்டில் படம், அச்சு, பிரித்த கூறுகள் எல்லாம் பிழையில்லாமல் இருந்தன. உச்சிக்குப் போகும் நேரம் மட்டும் 30 ÷ 9.8 = 3.06 நொடி என்று இருந்தது. 18-ஐக் கண்டுபிடித்து வைத்துவிட்டு 30-ஐப் போட்டிருந்தார் அந்த மாணவர். கண் முன்னால் இருக்கும் எண்ணைக் கை தானாக எடுத்துக்கொள்ளும். அடித்துவிட்டால் எடுக்காது.

கிடைப் பத்தியில் ஒரே சமன்பாடு:
தொலைவு = 24 × நேரம்

செங்குத்துப் பத்தியில் இரண்டு:
உயரம் = 1 + 18 × நேரம் − 4.9 × நேரம்²
செங்குத்து வேகம் = 18 − 9.8 × நேரம்

இந்த மூன்று வரிகள்தான் முழுக் கணக்கும். 4.9 என்பது 9.8-இல் பாதி. தொடக்கத்தில் இருக்கும் அந்த 1, பந்து கிளம்பிய உயரம். அதை விட்டுவிடாதீர்கள்.

எண்கள் கையில் நன்றாகப் பழக, அரை நொடிக்கு ஒருமுறை பந்து எங்கே இருக்கிறது என்று ஒருமுறையாவது எழுதிப் பாருங்கள்:

0 நொடி: தொலைவு 0 மீ, உயரம் 1 மீ
0.5 நொடி: 12 மீ, 8.8 மீ
1 நொடி: 24 மீ, 14.1 மீ
1.5 நொடி: 36 மீ, 17.0 மீ
2 நொடி: 48 மீ, 17.4 மீ
2.5 நொடி: 60 மீ, 15.4 மீ
3 நொடி: 72 மீ, 10.9 மீ
3.5 நொடி: 84 மீ, 4.0 மீ

தொலைவு ஒவ்வொரு முறையும் அதே 12 மீட்டர் கூடுகிறது. உயரமோ முதல் அரை நொடியில் ஏறக்குறைய 8 மீட்டர் தாவி, உச்சிக்கு அருகில் ஊர்ந்து, பிறகு சரசரவென்று இறங்குகிறது. உயரே அடித்த பந்து மேலே கொஞ்சம் நின்றுவிட்டு வருவது போலத் தோன்றுவது இதனால்தான். 1.5 நொடிக்கும் 2 நொடிக்கும் இடையே உயரம் அரை மீட்டர்கூட மாறவில்லை, ஆனால் பந்து 12 மீட்டர் முன்னே போய்விட்டது.

படி 4: கேள்வியை நேரத்தின் மொழியில் மாற்றுவது

இனிமேல் ஒவ்வொரு கேள்வியையும் ‘அது நடக்கும் நேரம் எது?’ என்று மாற்றிக் கேட்க வேண்டும்.

எவ்வளவு உயரம் எழும்பும்? உச்சியில் செங்குத்து வேகம் சுழி. 18 − 9.8 × நேரம் = 0. நேரம் 1.84 நொடி. அதை உயரச் சமன்பாட்டில் போட்டால் ஏறக்குறைய 17.5 மீட்டர். 18² ÷ 19.6 = 16.5 என்று நேரடியாகவும் வரும். ஆனால் அது மட்டையிலிருந்து ஏறிய உயரம். தரையிலிருந்து வேண்டுமென்றால் 1 கூட்ட வேண்டும். உச்சியில் பந்தின் வேகம் சுழி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கிடைவேகம் 24 மீ/வி அப்போதும் அப்படியே இருக்கிறது. முடுக்கமும் சுழி அல்ல, 9.8 கீழ்நோக்கித்தான்.

பவுண்டரியைத் தாண்டுமா? பந்து 75 மீட்டர் போக ஆகும் நேரம் என்ன? இடப்பக்கப் பத்தி சொல்லும்: 75 ÷ 24 = 3.125 நொடி. அந்த நேரத்தில் உயரம் என்ன? வலப்பக்கப் பத்தி சொல்லும்: 1 + 56.25 − 47.85 = 9.4 மீட்டர். எந்த ஃபீல்டர் எகிறினாலும் எட்டாது. சிக்ஸர்தான். நெடுக்கச் சூத்திரத்தை மட்டும் வைத்திருந்தால் ‘பந்து 88 மீட்டரில் விழும், ஆகவே தாண்டும்’ என்று சொல்லலாம். எவ்வளவு உயரத்தில் தாண்டும் என்று சொல்ல முடியாது.

எங்கே விழும்? தரையில் உயரம் சுழி. 0 = 1 + 18 × நேரம் − 4.9 × நேரம்². இது இருபடிச் சமன்பாடு.

நேரம் = (18 ± √(324 + 19.6)) ÷ 9.8 = (18 ± 18.54) ÷ 9.8

ஒரு விடை 3.73 நொடி, இன்னொன்று −0.055 நொடி. எதிர்குறி விடையைத் தள்ளிவிட வேண்டியதுதான். ஆனால் அது அர்த்தமில்லாதது அல்ல: இதே பரவளையத்தைப் பின்னோக்கி நீட்டினால், பந்து மட்டைக்கு வருமுன் 0.055 நொடியில் தரையில் இருந்திருக்கும் என்கிறது. சமன்பாட்டுக்கு மட்டை இருப்பது தெரியாது, நமக்குத் தெரியும்.

விழும் தொலைவு = 24 × 3.73 = 89.5 மீட்டர். அந்த 1 மீட்டரை விட்டுவிட்டுச் சூத்திரத்தில் போட்டிருந்தால் 88.2 வந்திருக்கும். 1.3 மீட்டர் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? கடைசி ஒரு மீட்டரைப் பந்து ஏறக்குறைய 37 டிகிரி சரிவில் இறங்குகிறது. 1-ஐ 0.75-ஆல் வகுத்தால் 1.33. இப்படி இன்னொரு வழியில் விடையைத் தொட்டுப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த பழக்கம்.

என்ன வேகத்தில் விழும்? செங்குத்து வேகம் 18 − 9.8 × 3.73, அதாவது −18.5 மீ/வி. கிடைவேகம் 24. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 30.3 மீ/வி. ஆற்றல் வழியிலும் சரிபார்க்கலாம்: 30² + 2 × 9.8 × 1 = 919.6, அதன் மூலம் 30.3. கிளம்பியதைவிடச் சற்றே கூடுதல், ஏனென்றால் ஒரு மீட்டர் கீழே வந்திருக்கிறது.

கணக்கைத் திருப்பிக் கேட்டால்

தேர்வுகளில் மாணவர்களை மிரட்டுவது இந்த வகை: ‘1 மீட்டர் உயரத்தில் 45 டிகிரி கோணத்தில் அடித்த பந்து, 70 மீட்டரில் கையை உயர்த்தி நிற்கும் ஃபீல்டரின் விரல்களை, 3 மீட்டர் உயரத்தில், மயிரிழையில் தாண்டுகிறது. பந்து கிளம்பிய வேகம் என்ன?’

வேகமும் தெரியாது, நேரமும் தெரியாது. பாதைச் சமன்பாடு என்ற நீளமான சூத்திரத்தில் போட்டால் விடை வரும். அதைவிட அழகான வழி ஒன்று உண்டு. புவியீர்ப்பே இல்லை என்று ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். 45 டிகிரியில் நேர்கோட்டில் போன பந்து, 70 மீட்டர் தொலைவில் மட்டையிலிருந்து 70 மீட்டர் உயரத்தில், அதாவது தரையிலிருந்து 71 மீட்டரில் இருக்கும். உண்மையில் இருப்பது 3 மீட்டரில். ஆக, அந்த நேரத்துக்குள் புவியீர்ப்பு அதை 68 மீட்டர் கீழே இழுத்திருக்கிறது. 4.9 × நேரம்² = 68. நேரம் 3.725 நொடி.

நேரம் கிடைத்துவிட்டது, கதவு திறந்துவிட்டது. கிடைவேகம் = 70 ÷ 3.725 = 18.8 மீ/வி. 45 டிகிரியில் செங்குத்து வேகமும் அதேதான். மொத்த வேகம் 18.8 × 1.414 = 26.6 மீ/வி, மணிக்கு ஏறக்குறைய 96 கிலோமீட்டர். கோணம் வேறாக இருந்தால் 70-ஐ அந்தக் கோணத்தின் டேன் மதிப்பால் பெருக்கி நேர்கோட்டு உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதேதான்.

ஒரே இடம், இரண்டு கோணங்கள்

30 மீ/வி வேகத்தில் அடித்த பந்து சரியாக 70 மீட்டரில், கிளம்பிய அதே உயரத்துக்கு வர வேண்டும். கோணம் என்ன? உயரம் ஒன்றாக இருப்பதால் நெடுக்கச் சூத்திரம் இங்கே செல்லும்: நெடுக்கம் = வேகம்² × இரட்டைக் கோணத்தின் சைன் ÷ 9.8. இரட்டைக் கோணத்தின் சைன் = 9.8 × 70 ÷ 900 = 0.762. கால்குலேட்டர் 49.7 டிகிரி என்று ஒரு விடைதான் காட்டும். 130.3 டிகிரிக்கும் அதே சைன்தான் என்பதை நாம்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். பாதியாக்கினால் 24.8 டிகிரி, 65.2 டிகிரி. இரண்டையும் கூட்டினால் 90.

இப்போது ஃபீல்டர் பந்து வரும் இடத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி நிற்கிறார் என்று வையுங்கள். தாழ்வான அடியில் பந்து 2.57 நொடியில் வந்துவிடும். அவர் 7.8 மீ/வி வேகத்தில், அதாவது தலைதெறிக்க ஓட வேண்டும். உயரமான அடியில் 5.56 நொடி இருக்கிறது. 3.6 மீ/வி போதும், நிதானமாக ஓடி வந்து பந்துக்குக் கீழே நின்றுகொள்ளலாம். வேகமும் இடமும் ஒன்றே, ஒன்று தப்பிக்கும், இன்னொன்று கேட்ச் ஆகும். செங்குத்து வேகம்தான் பறக்கும் நேரத்தை முடிவுசெய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு எனக்குத் தெரியாது.

சில சில்லறைப் பிழைகள்

கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா, ரேடியனில் இருக்கிறதா என்று பாருங்கள். முடுக்கத்துக்கு 9.8-ஆ 10-ஆ என்பதைக் கேள்வியே சொல்லும். இடைவிடைகளை அதிகம் சுருக்காதீர்கள், கடைசியில் சுருக்கினால் போதும். அப்புறம், ‘45 டிகிரியில்தான் அதிகத் தொலைவு’ என்பது கிளம்பும் உயரமும் விழும் உயரமும் ஒன்றாக இருந்தால் மட்டுமே சரி. நம் கணக்கில் அந்த ஒரு மீட்டரால் அது 44.7 டிகிரி ஆகிறது.

காற்று எவ்வளவு மாற்றும்?

கிரிக்கெட் பந்தின் எடை ஏறக்குறைய 160 கிராம், சுற்றளவு ஏறக்குறைய 22.5 சென்டிமீட்டர். இழுவைக் குணகத்தை (காற்று பந்தை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் எண்) 0.4 என்று வைத்துக்கொண்டு 30 மீ/வி வேகத்துக்குக் கணக்கிட்டால், காற்றுத்தடை சுமார் 0.9 நியூட்டன் வருகிறது. பந்தின் எடை விசையோ 1.6 நியூட்டன்தான். பாதிக்கும் மேல்! ‘காற்றைப் புறக்கணிக்கலாம்’ என்று கேள்வி சொல்வது கணக்கை எளிதாக்கத்தான். மைதானத்தில் நம் பந்து 89 மீட்டர் போகாது, கணிசமாக முன்பே விழும். கிடைவேகமும் மாறாமல் இருக்காது. பாதையின் இறங்கும் பாதி, ஏறும் பாதியைவிடச் செங்குத்தாக இருக்கும். பின்சுழற்சியோடு போகும் பந்துக்குக் காற்று மேல்நோக்கி ஒரு தூக்கும் விசையும் கொடுக்கும். இதையெல்லாம் சேர்த்தால் ஒரு சூத்திரத்தில் விடை வராது. நேரத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் இரண்டு வேகங்களையும் புதிதாகக் கணக்கிட்டு நகர வேண்டும். அப்போதும் இரண்டு பத்திகள் இருக்கும். ஆனால் தடை மொத்த வேகத்தைப் பொறுத்தது என்பதால் ஒரு பத்தி மற்றதை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடும்.

நீங்களே போட ஒன்று

1 மீட்டர் உயரத்தில், 25 மீ/வி வேகத்தில், 53 டிகிரி கோணத்தில் பந்து கிளம்புகிறது (சைன் 0.8, கொசைன் 0.6). அதே திசையில் 50 மீட்டரில் நிற்கும் ஃபீல்டர் அதை 2 மீட்டர் உயரத்தில் பிடிக்க வேண்டும். எந்தப் பக்கம், என்ன சராசரி வேகத்தில் ஓட வேண்டும்?

போட்டுவிட்டுக் கீழே பாருங்கள்.

கிடைவேகம் 15, செங்குத்து வேகம் 20. உயரம் 2 ஆகும் நேரத்தைத் தேடினால் இருபடிச் சமன்பாடு இந்த முறை இரண்டு நேர்குறி விடைகளைத் தரும்: 0.05 நொடி, 4.03 நொடி. முதலாவது, பந்து ஏறும்போது 2 மீட்டரைக் கடக்கும் கணம். அப்போது பந்து பேட்ஸ்மேனிடமிருந்து முக்கால் மீட்டர்தான் போயிருக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது. தொலைவு 15 × 4.03, அதாவது 60.5 மீட்டர். ஃபீல்டர் பின்பக்கமாக 10.5 மீட்டர் ஓட வேண்டும், சராசரி வேகம் 2.6 மீ/வி. பந்தைக் கணித்து நகரத் தொடங்க அவருக்கு அரை நொடி ஆகிறது என்றால் 3 மீ/வி.